அசிட்டிக் ஆசிட்டை வீக் ஆசிட்னு சொல்றாங்க, ஆனா டைட்ரேஷன்ல ஹெச்சிஎல் குடிக்கிற அளவு பேஸையே இதுவும் குடிக்குதே, எப்படி?

கவின்_பிளஸ்டூ:

எல்லாருக்கும் வணக்கம். நான் பிளஸ் டூ படிக்கிறேன், ஒரு டவுட் மண்டையைக் குடையுது. கெமிஸ்ட்ரி லேப்ல 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) ஹெச்சிஎல், அதாவது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், 20 மில்லி பிப்பெட்ல எடுத்து கானிக்கல் பிளாஸ்க்ல ஊத்தி, பியூரெட்ல 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு பேஸ் வச்சு, ஆசிட் முழுசா தீர எவ்வளவு பேஸ் வேணும்னு அளக்கற டைட்ரேஷன் பண்ணோம். ரீடிங் 20 மில்லி பக்கத்துல வந்துச்சு, அது ஓகே. அப்புறம் சார் அதே 0.1 மோலார்ல அசிட்டிக் ஆசிட் 20 மில்லி எடுத்து பண்ணிக் காட்டினார், அதுக்கும் 20 மில்லிதான்!

ஆனா பிஹெச் பேப்பர் வச்சுப் பாத்தா ஹெச்சிஎல்லுக்கு 1, அசிட்டிக் ஆசிட்டுக்கு கிட்டத்தட்ட 3 காட்டுது. பிஹெச் 2 கூடுதல்னா ஹெச் பிளஸ் (ஆசிட் விடற ஹைட்ரஜன் அயனி) 100 மடங்கு கம்மின்னு புக்ல இருக்கு. ஹெச் பிளஸ் 100 மடங்கு கம்மியா இருந்தா அதை நியூட்ரலைஸ் பண்ண பேஸும் 100 மடங்கு கம்மியாத்தானே போகணும்? 0.2 மில்லியிலயே முடிவைக் காட்டற பிங்க் கலர் வந்திருக்கணும்ல? ஃபிரெண்ட்ஸ் எல்லாம் ஃபார்முலா போட்டா 20 வருது விட்றான்னு சொல்றாங்க, எனக்கு ஃபார்முலா தெரியும், உள்ள என்ன நடக்குதுன்னுதான் புரியல. யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

நிலா_ஆர்:

தம்பி, வீக் ஆசிட்னா தண்ணி நிறைய கலந்த ஆசிட்னு அர்த்தம். அசிட்டிக் ஆசிட் இருக்கற வினிகர்ல தண்ணிதான் ஜாஸ்தி, அதான் பிஹெச் கூட காட்டுது. கான்சன்ட்ரேஷன் கம்மியா இருக்கும், லேபிளை ஒருதடவை செக் பண்ணிப் பாருங்க.

ராஜி_டீச்சர்:

நிலா, அது சரியில்லம்மா, இந்த ஒரு இடத்துலதான் நிறைய பிள்ளைங்க வழி மாறிப் போறாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்லிடறேன். தண்ணி நிறைய கலந்தா அது டைல்யூட். வீக்ங்கறது வேற சங்கதி. டைல்யூட், கான்சன்ட்ரேட்டட் ரெண்டும் ஒரு லிட்டர்ல எத்தனை மோல் ஆசிட் போட்டோம்ங்கறதைப் பத்தினது, அது நம்ம கையில இருக்கு. ஸ்ட்ராங், வீக் ரெண்டும் போட்ட மூலக்கூறுல எத்தனை பங்கு தன் ஹெச் பிளஸ்ஸை தண்ணிக்குக் குடுத்திருக்குங்கறதைப் பத்தினது, அது அந்த ஆசிட்டோட குணம், நாம மாத்த முடியாது.

கவின், உன் ரெண்டு பிளாஸ்க்லயும் ஆசிட் மூலக்கூறு எண்ணிக்கை ஒண்ணுதான், அதை முதல்ல பிடிச்சுக்கோ. ஹெச்சிஎல்ல போட்டது அத்தனையும் பிரிஞ்சிடும், ஆயிரம் போட்டா ஆயிரம் ஹெச் பிளஸ். அசிட்டிக் ஆசிட்ல 0.1 மோலார்ல ஆயிரத்துக்கு சுமார் 13தான் பிரிஞ்ச நிலையில இருக்கும், மீதி 987 முழுசாவே இருக்கும். அந்த 13 எப்பவும் அதே 13 இல்ல, ஒவ்வொரு கணமும் சிலது பிரியும் சிலது திரும்பச் சேரும், கணக்கு மட்டும் 13லயே நிக்கும். அதுக்குப் பேருதான் சமநிலை. ஒரு ஆசிட் எவ்வளவு பிரியும்னு காட்டற கேஏ மதிப்பு இதுக்கு 1.8 × 10⁻⁵னு படிச்சிருப்பியே, அதைப் போட்டுப் பாத்தா பிஹெச் 2.9 வரும், பேப்பர் 3ன்னு காட்டினது அதனாலதான்.

இப்போ பியூரெட்டைத் திறந்து சோடியம் ஹைட்ராக்சைடை விடறே. ஹைட்ராக்சைடு அந்த 13 ஹெச் பிளஸ்ஸையும் பிடிச்சு தண்ணியாக்கிடுது. சமநிலை கெட்டுப்போச்சு இல்லையா, உடனே முழுசா இருந்த மூலக்கூறுல இன்னும் சிலது பிரியுது, அதையும் ஹைட்ராக்சைடு எடுக்குது, திரும்பப் பிரியுது, இப்படியே கடைசி மூலக்கூறு வரைக்கும் போகும். இறைக்க இறைக்க ஊறற கிணறு மாதிரி, மேல தெரியற தண்ணி கொஞ்சம்தான், ஆனா அடியில இருக்கறது முழுக்க வெளிய வந்துடும். பிஹெச் பேப்பர் காட்டறது இந்த நிமிஷம் வெளிய இருக்கற ஹெச் பிளஸ்ஸை மட்டும். டைட்ரேஷன் எண்ணறது மொத்த ஆசிட்டை. ரெண்டும் ரெண்டு வேற கேள்விக்கு பதில், அதனாலதான் ஒண்ணுல 100 மடங்கு கிட்ட வித்தியாசம் தெரியுது, இன்னொண்ணுல வித்தியாசமே இல்ல.

க்யூசி_லேப்_சுரேஷ்:

டீச்சர் சொன்னது கரெக்ட். இதை நேர்ல பாக்கணும்னா உங்க லேப்லயே முடியும் தம்பி, மெக்னீசியம் ரிப்பன் சின்னத் துண்டு ஒரே நீளத்துக்கு ரெண்டு வெட்டி ஒண்ணை ஹெச்சிஎல்லயும் ஒண்ணை அதே மோலார் அசிட்டிக் ஆசிட்லயும் போடுங்க, ஆசிட் தேவைக்கு மேலயே இருக்கட்டும், ஹெச்சிஎல்ல புஸ்ஸுனு ஹைட்ரஜன் குமிழ் கிளம்பும், அசிட்டிக் ஆசிட்ல மெதுவா வரும், ஆனா விட்டுட்டு வெயிட் பண்ணா ரெண்டுலயும் ரிப்பன் முழுசா கரைஞ்சு வர்ற கேஸ் அளவு ஒண்ணாத்தான் இருக்கும். வேகம் பிஹெச்சைப் பொறுத்தது, மொத்தம் மோலைப் பொறுத்தது, அவ்ளோதான் விஷயம்.

இன்னொண்ணு, டைட்ரேஷன் ரீடிங் ஒண்ணா வந்தாலும் வழியில நடக்கறது ஒண்ணு இல்ல. லேப்ல பிஹெச் மீட்டர் போட்டு ஒவ்வொரு மில்லிக்கும் ரீடிங் எடுத்தா அவ்ளோ தெளிவா தெரியும். ஹெச்சிஎல்ல முடிவுக்கு ஒரு துளி முன்னாடி பிஹெச் 4 பக்கம், ஒரு துளி தாண்டினா 10, அப்படி ஒரு பாய்ச்சல். அசிட்டிக் ஆசிட்ல பாதி வழியில, அதாவது 10 மில்லி விட்டப்போ பிஹெச் 4.76ல இருக்கும், அது அப்படியே அந்த ஆசிட்டோட பிகேஏ, அதாவது கேஏவோட மைனஸ் லாக். அந்த ஏரியாவுல நீங்க பேஸ் விட்டாலும் பிஹெச் அவ்வளவா அசையாது, பஃபர்னு படிக்கறது இதைத்தான். முடிவுக்கு ஒரு துளி முன்னாடி 7.4 பக்கம் வந்துடும், ஒரு துளி தாண்டினா 10.

அதனால கலர் மாறி முடிவைக் காட்டற இன்டிகேட்டர் விஷயத்துல ஜாக்கிரதை. ஹெச்சிஎல்லுக்கு மெத்தில் ஆரஞ்சு போட்டாலும் ஃபினால்ஃப்தலீன் போட்டாலும் ரீடிங் ஒண்ணுதான், அந்தப் பாய்ச்சல் ரெண்டையும் தாண்டிப் போயிடும். அசிட்டிக் ஆசிட்டுக்கு மெத்தில் ஆரஞ்சு போட்டா அது 3.1ல மாற ஆரம்பிச்சு 4.4ல முழுசா மஞ்சளாயிடும், அதாவது 6 மில்லி தாண்டறதுக்குள்ளயே கலர் முடிஞ்சிடும், அதுவும் மெல்ல மெல்ல மாறும், எங்க நிறுத்தறதுன்னே தெரியாது. ஃபினால்ஃப்தலீன் மட்டும்தான் போடணும், அது 8.3க்கு மேலதான் பிங்க் ஆகும். வைவால இதைக் கேக்காம விடவே மாட்டாங்க.

நிலா_ஆர்:

ஓ சரி டீச்சர், புரியுது. அப்போ வீக் ஆசிட் எப்பவுமே ஸ்ட்ராங் ஆசிட்டைவிட பிஹெச் அதிகமாத்தான் இருக்கும்னு எடுத்துக்கலாமா? வீக்னா கைல பட்டாலும் ஒண்ணும் ஆகாதுதானே?

ராஜி_டீச்சர்:

ரெண்டுமே அப்படி இல்லம்மா. ஒரே மோலார்ல ஒப்பிட்டா மட்டும்தான் முதல் விஷயம் உண்மை. கடையில வாங்கற வினிகர் பெரும்பாலும் 4லிருந்து 5 சதவீதம் அசிட்டிக் ஆசிட், பிஹெச் 2.4 பக்கம் வரும். 0.001 மோலார் ஹெச்சிஎல் எடுத்தா பிஹெச் 3. இங்க வீக் ஆசிட்தான் அதிக புளிப்பு, ஸ்ட்ராங் ஆசிட் இல்ல.

ரெண்டாவது கேள்விக்கு கண்டிப்பா இல்லன்னுதான் பதில், இதை எல்லாரும் மனசுல வச்சுக்கணும். தண்ணி கலக்காத அசிட்டிக் ஆசிட், கிளேசியல்னு பாட்டில்ல போட்டிருக்கும், வீக் ஆசிட்தான், ஆனா தோல்ல பட்டா கொப்புளம் வர்ற அளவுக்குச் சுடும், அதோட நெடியே தாங்காது. அதைவிட மோசம் ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட். அதுவும் வீக் லிஸ்ட்லதான் வருது, பிகேஏ 3.2 பக்கம். ஆனா கண்ணாடியையே அரிக்கும், பிளாஸ்டிக் பாட்டில்லதான் வைப்பாங்க. முழுசா பிரியாம மூலக்கூறாவே இருக்கறதாலதான் அது தோலைத் தாண்டி ஆழமா உள்ள போகுது, உள்ள போன ஃப்ளோரைடு உடம்புல இருக்கற கால்சியத்தைப் பிடிச்சுக்குது, இதயத் துடிப்பு வரைக்கும் பாதிக்கும். அந்த ஆசிட் புழங்கற இடத்துல கால்சியம் குளுக்கோனேட் ஜெல் பக்கத்துலயே வச்சிருக்கறது அதுக்குத்தான். வீக்ங்கற பேரை வச்சு ஆபத்தை அளக்கவே கூடாது.

வீட்டுல பாத்ரூம் கழுவறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். பிளீச்சிங் பவுடரோட டாய்லெட் ஆசிட் கலந்தா குளோரின் வரும்னு நிறைய பேருக்குத் தெரியும், வினிகர் வீக் தானேன்னு அதைக் கலக்கறவங்க இருக்காங்க. அதுவும் குளோரினைக் கிளப்பும். பிளீச்சிங்ல இருக்கற ஹைப்போகுளோரைட்டுக்கு ஹெச் பிளஸ் குடுக்க வினிகரே போதும், ஏன்னா ஹைப்போகுளோரஸ் ஆசிட் அசிட்டிக் ஆசிட்டைவிடவும் வீக். தயவுசெஞ்சு எதையும் அதோட சேர்க்காதீங்க.

கவின்_பிளஸ்டூ:

டீச்சர், சுரேஷ் அண்ணா, ரொம்ப தேங்க்ஸ், இப்பதான் உள்ள நடக்கறது கண்ணு முன்னாடி தெரியுது. இன்னும் ரெண்டு கேக்கலாமா? அசிட்டிக் ஆசிட்ல தண்ணி ஊத்திக்கிட்டே போனா இன்னும் வீக் ஆகுமா? அப்புறம் முழுசா நியூட்ரலைஸ் ஆனா பிஹெச் 7ல தானே நிக்கணும், அசிட்டிக் ஆசிட்டுக்கு மட்டும் ஏன் 8க்கு மேல போகுது?

ராஜி_டீச்சர்:

நல்ல கேள்விப்பா. தண்ணி ஊத்தினா வீக் ஆகாது, கேஏ மாறாது. சொல்லப்போனா பிரியற பங்கு கூடும். 0.1 மோலார்ல 1.3 சதவீதம்தான் பிரிஞ்சிருந்தது, அதை 100 மடங்கு டைல்யூட் பண்ணி 0.001 மோலார் ஆக்கினா 12 சதவீதத்துக்கு மேல பிரியும். ஆஸ்ட்வால்டு நீர்த்தல் விதின்னு பாடத்துல வர்றது இதுதான். அயனியாப் பிரியுதுங்கற கருத்தை 1884ல ஸ்வீடன் விஞ்ஞானி அர்ரீனியஸ் தன்னோட ஆராய்ச்சிப் படிப்புக்காக எழுதிக் குடுத்தப்போ உப்சாலா யுனிவர்சிட்டில குறைஞ்ச கிரேடுதான் போட்டாங்க, ஆஸ்ட்வால்டுதான் அதோட மதிப்பைப் புரிஞ்சுக்கிட்டு அவரைத் தேடிப் போய் பாத்தார். அதே அர்ரீனியஸுக்கு 1903ல நோபல் பரிசு. உன் மாதிரி கேள்வி கேக்கற பிள்ளைங்க இதைத் தெரிஞ்சு வச்சுக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

7ல நிக்காததுக்குக் காரணம் அசிட்டேட். ஆசிட் வீக்னா என்ன அர்த்தம், தன் ஹெச் பிளஸ்ஸை லேசுல விடாது. அப்போ அதை இழந்த அசிட்டேட்டுக்கு திரும்ப எடுத்துக்கற ஆசை கொஞ்சம் இருக்கும். முடிவுல பிளாஸ்க்ல இருக்கறது சோடியம் அசிட்டேட், அது தண்ணிகிட்டயிருந்து கொஞ்சம் ஹெச் பிளஸ்ஸை எடுத்துடும், அந்த இடத்துல ஹைட்ராக்சைடு மிஞ்சும், பிஹெச் 8.7க்குப் போயிடும். 1923ல பிரான்ஸ்டெட், லவுரி ரெண்டு பேரும் தனித்தனியா சொன்ன விளக்கம் இங்கதான் கை குடுக்குது, ஹெச் பிளஸ்ஸைக் குடுக்கறது ஆசிட், வாங்கிக்கறது பேஸ். ஹெச்சிஎல்ல மிஞ்சற குளோரைடுக்கு அந்த ஆசை துளியும் இல்ல, அதனால அங்க சரியா 7.

க்யூசி_லேப்_சுரேஷ்:

தம்பி ஒரு கடைசி விஷயம், அடுத்த பிராக்டிகல்ல பிங்க் வந்ததும் ரீடிங் குறிச்சுட்டு ஒரு அரை நிமிஷம் பிளாஸ்க்கைச் சுத்திக்கிட்டே பாருங்க. உடனே மறைஞ்சா ஆசிட் இன்னும் மிச்சம் இருக்கு, இன்னொரு துளி விடுங்க. அரை நிமிஷம் நின்னுட்டு அப்புறமா மெல்ல வெளிறினா அது காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சு பேஸைக் கொஞ்சம் கொஞ்சமா தின்றது, அதைப் பாத்து திரும்பத் திரும்ப பேஸ் விட்டுக்கிட்டே போகாதீங்க, ரீடிங் எக்குத்தப்பா ஏறிடும்.

கவின்_பிளஸ்டூ:

போன தடவை ஒரு பேட்ச்ல எல்லாருக்கும் 20.6, 20.8னு வந்துச்சுண்ணா, காரணம் அதுவாத்தான் இருக்கும்! திங்கக்கிழமை அவங்ககிட்ட சொல்றேன். மெக்னீசியம் ரிப்பனுக்கும் சார்கிட்ட பர்மிஷன் கேக்கறேன்.