வடக்கே மழை விடைபெற்றுவிட்டதாம், கோத்தகிரியில் கூரையைப் பிரிக்கலாமா?

கோத்தகிரிக்காரன்:
பின்பக்க அறைக்கூரையில் தகரம் துருப்பிடித்து ஒழுகுகிறது. போன வாரத்திலிருந்து நேராகக் கட்டில் மேலேயே சொட்டுவதால் குண்டானை வைத்துவிட்டு ஓரமாகப் படுக்கிறோம். பழைய தகரத்தைக் கழற்றி, இற்றுப்போன ரீப்பர்களை மாற்றி, புதுத் தகரம் போட 4 நாள் ஆகும் என்கிறார் ஆசாரி. செவ்வாய்க்கிழமை ஆள் வருகிறது. நேற்றுச் செய்தியில் இந்தியா படத்தைக் காட்டி, ராஜஸ்தான், பஞ்சாப், தில்லியில் எல்லாம் தென்மேற்குப் பருவமழை விலகியாச்சு, அடுத்த வாரம் இன்னும் கீழே இறங்கி வரும் என்றார்கள். வடகிழக்குக்கு அக்டோபர் 20 வாக்கில்தானே தேதி? அப்போ நடுவில் இருக்கிற 2, 3 வாரம் நமக்கு வெயில்தானே? மச்சான் தைரியமாகப் பிரி என்கிறார், வீட்டுக்காரி வேண்டவே வேண்டாம் என்கிறாள்.

கேத்தி பாலாடா:
வீட்டில் சொல்வதைக் கேளுங்க சார். அந்தப் படத்தில் இருக்கிற கோடு அந்தந்த ஊருக்குத்தான். வடமேற்கு இந்தியாவில் தொடர்ந்து 5 நாள் மழை இல்லாமல், ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் எதிர்ச்சுழற்சி (காற்று கீழே இறங்கி மேகம் கட்டவிடாமல் செய்கிற சுழல்) உருவாகி, காற்றில் ஈரமும் குறைந்தால்தான் அங்கே மழை விலகியதாக வானிலை மையம் அறிவிக்கும். வழக்கமாகச் செப்டம்பர் 17 வாக்கில் மேற்கு ராஜஸ்தானில் தொடங்கி, அக்டோபர் 15 வாக்கில்தான் நாடு முழுக்க முடியும். தெற்கே இருக்கிற நாம் கடைசி வரிசை.

அதைவிட முக்கியம், மேற்கிலிருந்து வீசுகிற மேல்காற்று தளர்ந்தால் நமக்கு மழை நிற்காது, மழை வருகிற விதம்தான் மாறும். மேட்டுப்பாளையம் பக்கம் வெயில் ஏறும், மதியம் மேகம் கட்டும், 3 மணிக்கு மேல் இடியோடு கொட்டும். காலையில் வானத்தைப் பார்த்தால் துணி காயப்போடலாம் போல இருக்கும், அதை நம்பித்தான் எல்லோரும் ஏமாறுவது. அப்புறம் வங்கக் கடலையும் கவனிக்க வேண்டும். தாழ்வுப் பகுதி ஒடிசா பக்கம் போனால் மேல்காற்று மறுபடி வலுக்கும், மேற்கே இருக்கிற கூடலூர், பந்தலூருக்கு மழை, நமக்கு மூடாக்கும் சாரலும். அதுவே தெற்கே நம் கரைப்பக்கம் வந்தால் கிழக்கே குன்னூர், கோத்தகிரிச் சரிவில் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது தென்மேற்கு. 2009 நவம்பரில் எங்கள் கேத்தியில் 82 செ.மீ. கொட்டியது வடகிழக்கு. ஒரே மாவட்டம்தான், ஆனால் மாவட்டத்துக்கே ஒரு கணக்கு செல்லாது, இதில் தில்லிக் கணக்கு எங்கே!

கூடலூர் பச்சைத்தேயிலை:
விலகலா? இங்கே காலையிலிருந்து சாரல், கொழுந்து எல்லாம் ஈரம். உங்கள் ஊரில் வெயில் அடித்தால் கொஞ்சம் அனுப்பி வையுங்க.

பூம்பாறை பூண்டு:
நான் கொடைக்கானல் பக்கம். இதே தப்பைச் செய்தவன் என்பதால் எழுதுகிறேன். விதைப்பூண்டுக் கட்டுகளைப் புகையில் தொங்கவிட்டிருந்த கொட்டகைக்குத் தகரம் மாற்றலாம் என்று ஒரு புரட்டாசியில் முழுசாகப் பிரித்துப் போட்டோம். அறிக்கையில் 'ஓரிரு இடங்களில் மழை' என்றுதான் இருந்தது, நானும் லேசான தூறல் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டரை மணிக்குப் பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறியது, எதிரில் நிற்கிற ஆள் தெரியவில்லை, மூன்று மணிக்குப் பூண்டெல்லாம் தண்ணீரில். ஓரிரு இடம் என்பது மழையின் அளவு இல்லை, நான்கில் ஒரு பங்கு இடங்களுக்குள் பெய்யலாம் என்று அர்த்தம், அந்த இடத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பெய்யும். கனமழை என்று தனியாகப் போட்டிருந்தால் 6.5 செ.மீ.க்கு மேல். இன்னொன்று, மழைக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை, அதனால் செவ்வாய் சாயங்காலம் பெய்தது புதன் கணக்கில் வரும், பழைய பட்டியலைப் பார்க்கும்போது குழம்பாதீங்க. 4 நாளுக்கு மொத்தமாகப் பார்க்காமல் தினமும் மதியம் 'அடுத்த 3 மணி நேரம்' என்று வருகிற எச்சரிக்கையைப் பாருங்க. ஒரு நாளைக்கு எவ்வளவு மூட முடியுமோ அவ்வளவு மட்டும் பிரியுங்க.

கோத்தகிரிக்காரன்:
நன்றிங்க. பகுதி பகுதியாகப் பிரிப்பதாக முடிவு, 4 நாள் 6 நாளாகும், கூலியும் கூடும், பரவாயில்லை. காலை 7 மணிக்கே வரச் சொன்னதற்கு, 'பனியில் தகரம் வழுக்கும், எலும்பு முறிந்தால் நீங்களா பார்ப்பீர்கள்?' என்று கேட்டுவிட்டார் ஆசாரி. 8.30 முதல் 2 மணி வரை வேலை, அப்புறம் மூடிவிடுவது. பெரிய தார்ப்பாய்தான் இல்லை, 6 நாளுக்காக விலைக்கு வாங்க மனசு வரவில்லை. வாடகைக்குக் கிடைக்குமா?

கேத்தி பாலாடா:
பந்தல் போடுகிறவர்களிடம் கேளுங்க. புரட்டாசியில் கல்யாணம் ஏது, தார்ப்பாய் எல்லாம் சும்மாதான் மடித்துக் கிடக்கும். ஓட்டை இருக்கிறதா என்று விரித்துப் பார்த்து வாங்குங்க.