டீச்சர் வேலையிலிருந்து ஸ்கூல் கவுன்சிலர்: எம்.எஸ்சி.யா, டிப்ளமாவா?

ஈரோடு_மேத்ஸ்:
பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்து சிபிஎஸ்இ பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஸ்கூல் கவுன்சிலராக மாற ஆசை. வேலையை விடாமல் அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. சைக்காலஜி படித்தால் போதுமா? டிப்ளமாவே போதும் என்றும் சிலர் சொல்கிறார்கள். எந்த டிப்ளமா?

மரத்தடி:
அஞ்சல் வழியை மறந்துவிடுங்கள் மேடம். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து சைக்காலஜியைத் தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தடை போட்டுவிட்டது. "இன்னும் சீட் இருக்கு" என்று போன் வந்தால் பணம் கட்டிவிடாதீர்கள்.

உங்களுக்குப் பொருந்துவது என்சிஇஆர்டி (தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி கவுன்சில்) நடத்தும் வழிகாட்டுதல் மற்றும் ஆலோசனை டிப்ளமா. மொத்தம் ஒரு வருடம். முதல் ஆறு மாதம் வீட்டிலிருந்தபடியே படிப்பு, அடுத்த மூன்று மாதம் நேரடி வகுப்பு, கடைசி மூன்று மாதம் சொந்த ஊரிலோ வேலை பார்க்கும் இடத்திலோ களப்பயிற்சி. நமக்குப் பக்கத்து மையம் மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம். பி.எட். படித்த ஆசிரியர் விண்ணப்பிக்கலாம், சைக்காலஜி பட்டம் கேட்பதில்லை. நடுவில் வரும் அந்த மூன்று மாதம்தான் இடிக்கும். மைசூருவில் தங்க வேண்டும், பள்ளியிலோ பாடம் வேகமெடுத்திருக்கும். விண்ணப்பிக்கும் முன்பே லீவுக்கு நிர்வாகத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

முழுநேரமாகப் படிக்க முடியும் என்றால் ஸ்ரீபெரும்புதூர் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனத்தில் எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி இருக்கிறது. இரண்டு வருடம்.

மூன்றாவது_பீரியட்:
எங்கே சேர்ந்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்: மாணவர்களோடு நேரில் உட்கார்ந்து பேசும் பயிற்சி எத்தனை மணி நேரம்? அதைப் பார்த்துத் திருத்தப்போவது யார்? இதற்குப் பதில் மழுப்பலாக வந்தால் அந்தக் கோர்ஸ் வேண்டாம். வார இறுதி ஒர்க்‌ஷாப் சான்றிதழ்களுக்குக் காசு செலவழிப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

நல்ல பயிற்சியில் உங்கள் உரையாடலை (அனுமதியோடு) பதிவு செய்து வரிக்கு வரி எழுதச் சொல்வார்கள். ஆசிரியராக இருந்து வருபவர்களின் குட்டு அங்கேதான் உடையும். "எனக்கு ஸ்கூலுக்கு வரவே பிடிக்கல மிஸ்" என்கிறது பிள்ளை. பயிற்சி எடுக்கும் ஆசிரியர் உடனே, "ஏன் பிடிக்கல? அப்பா அம்மா எவ்வளவு கஷ்டப்பட்டு ஃபீஸ் கட்டுறாங்க?" என்கிறார். அதோடு பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். 'ஏன்' என்ற கேள்வி விசாரணை மாதிரி காதில் விழுகிறது, அறிவுரை ரொம்பச் சீக்கிரம் வந்துவிடுகிறது. "வரவே பிடிக்கலையா... காலையில கிளம்பும்போதே அப்படி இருக்கா, இங்க வந்தப்புறமா?" என்று கேட்டால், பஸ்ஸில் நடப்பதா, வகுப்பில் நடப்பதா, வீட்டுப் பிரச்சினையா என்று நூல் பிடித்துப் போகலாம்.

இன்னொன்று, நீங்கள் மார்க் போடும் பிள்ளைகளுக்கு நீங்களே கவுன்சிலராக இருக்கக் கூடாது. இந்தப் பக்கம் இன்டர்னல் மார்க், அந்தப் பக்கம் மனம் விட்டுப் பேசு என்றால் எந்தப் பிள்ளை பேசும்? களப்பயிற்சியை உங்கள் பள்ளியிலேயே செய்வதானால் நீங்கள் பாடம் எடுக்காத வகுப்பைக் கேட்டு வாங்குங்கள்.

ஈரோடு_மேத்ஸ்:
நன்றி. "யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்" என்று பிள்ளை கேட்டால்? ஹெச்.எம்.மிடம் மட்டும் சொல்லலாமா?

மூன்றாவது_பீரியட்:
அந்த வாக்குறுதியைக் கொடுக்கவே கூடாது. முதல் சந்திப்பிலேயே, "நீ சொல்றது என்னோடயே இருக்கும். உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா மட்டும் உதவி செய்யக்கூடியவங்ககிட்ட சொல்லுவேன், அதையும் உனக்குச் சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்று சொல்லிவிடுங்கள்.

பாலியல் குற்றம் என்றால் ஹெச்.எம்.மிடம் சொன்னதோடு உங்கள் கடமை முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-இன்படி உள்ளூர் போலீசுக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தகவல் போயாக வேண்டும். மறைத்தால் பிரிவு 21-இல் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. "ஸ்கூல் பேர் கெட்டுடும்" என்று நிர்வாகம் அழுத்தும்போது இந்தப் பிரிவை எடுத்துக் காட்டுங்கள். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098.

துருவித் துருவிக் கேட்காதீர்கள். "அவர் இங்க தொட்டாரா?" என்று நீங்களே விடையை எடுத்துக் கொடுத்தால் பின்னால் வாக்குமூலம் பலவீனமாகிவிடும். பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே, தேதி, நேரம் போட்டு எழுதி வையுங்கள். 'தவறாக நடந்தார்' என்று நாகரிகமாக மாற்றி எழுத வேண்டாம்.

மரத்தடி:
தற்கொலை எண்ணம் பற்றியும் பூசி மெழுகாமல், "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஆமாம் என்றால் பிள்ளையைத் தனியாக வகுப்புக்கு அனுப்பாதீர்கள். பெற்றோர் வரும்வரை கூடவே இருங்கள், அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 எந்நேரமும் எடுக்கும்.

வேலை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கேந்திரிய வித்யாலயா கவுன்சிலர் நேர்காணல்கள் ஒப்பந்தப் பணிக்குத்தான். இருக்கும் வேலையை ராஜினாமா செய்துவிட்டு அதை நம்பிப் போகாதீர்கள்.