வயது கடந்து குருப்பட்டம் பெற்றவர்களே, உங்களை இன்னும் உறுத்தும் ஒரு சந்திப்பு?

கணக்காளராக இருந்தவர்:
குருப்பட்டம் பெற்ற 11-ஆம் நாள். எனக்கு 58 வயது. பங்குத்தந்தை வெளியூர் போயிருந்ததால், நோயில்பூசுதலுக்கு, அதாவது நோயாளியின் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்குக்கு, இரவில் என்னை அழைத்தார்கள். தேர்வில் இந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். நெற்றியில் பூசிவிட்டுக் கைகளைத் தேடினேன். இரண்டும் முழங்கை வரை கட்டுக்குள் இருந்தன. கட்டைவிரலில் எண்ணெய் மினுங்க, பாதிச் செபத்தில் நின்றுவிட்டேன். செவிலியர்தான் மெல்லச் சொன்னார்: “நெற்றி ஒன்றே போதும் தந்தையே, மிச்சச் செபத்தைச் சொல்லுங்கள்.”

அது உறுத்தவில்லை. வெளியே வந்ததும் நோயாளியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “சின்ன வயதுச் சாமியார் யாராவது வந்துவிடுவாரோ என்று பயந்தேன். இத்தனை வருட அனுபவம் உள்ளவரை ஆண்டவர் அனுப்பியிருக்கிறார்” என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டல் பொய்தானே?

சேகரக் குருவானவர் (புராட்டஸ்டண்ட் சபைப் போதகர்):
பொய் இல்லை ஐயா. அந்த அம்மாவுக்கு அப்போது வேண்டியது ஆறுதல். உங்கள் பணிப் பதிவேடு அல்ல. நான் குருவாக அபிஷேகம் பெற்றது 56 வயதில். என்னை மேற்பார்வையிட்டவருக்கு 34. என் முதல் பிரசங்கத்தாளை அவர் திருப்பித் தந்தபோது மூன்று பக்கங்களைக் குறுக்கே அடித்திருந்தார். ஓரத்தில் ஒரே வரி: “இது அலுவலகக் கூட்டம், இதில் நற்செய்தி எங்கே?” அந்தத் தாளை இன்னும் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். உங்கள் முப்பது வருட வாழ்க்கையும் அனுபவம்தான்.

மருத்துவமனை ஆன்மப் பணியாளர்:
குருவானவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வாழ்க்கை அனுபவம் வேறு, மரணப் படுக்கையருகே நின்ற அனுபவம் வேறு. நரையைப் பார்த்து மக்கள் தரும் நம்பிக்கை நாம் சம்பாதித்தது அல்ல. நானும் 49 வயதில் வந்தவன். முதல் அடக்கச் சடங்கில் இறந்தவர் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டேன். மகன் நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

தந்தைக்குச் சில யோசனைகள். அவசர வேளையில் ஒரே பூசுதல் போதும் என்று திருச்சபைச் சட்டம் 1000 சொல்கிறது. அதைச் சிறு அட்டையில் எழுதி எண்ணெய்ச் சிமிழோடு வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு மாலை, யாரும் அழைக்காமலே நோயாளிகளிடம் போங்கள். செபம்கூட வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும். உங்களைவிட இளைய குருவானவரிடம் கேட்க வெட்கப்படாதீர்கள். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1524-இல் பார்சலோனாவில் லத்தீன் இலக்கணம் படிக்கத் தொடங்கியபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. குருப்பட்டம் பெற்றது 1537-இல். அவர் அவசரப்படவில்லை. நமக்கோ 75 வயதில் பங்குத்தந்தைப் பொறுப்பிலிருந்து விலகல் கடிதம் கேட்பார்கள் என்ற நினைப்பு. அதனால் எல்லாவற்றையும் முதல் வருடத்திலேயே கற்றுவிடத் துடிக்கிறோம். கணக்குப் புத்தகங்களைக் கொஞ்ச நாள் பங்குப் பேரவையிடம் விட்டுவிடுங்கள். தெரிந்த வேலைக்குள் ஒளிந்துகொள்வது நம் வயதினரின் நோய்.

கணக்காளராக இருந்தவர்:
அட்டை யோசனைக்கு நன்றி. கணக்குப் புத்தகம் பற்றிச் சொன்னது சுட்டது, உண்மைதான். ஆனால் நான் கேட்டது எண்ணெயைப் பற்றி அல்ல. அந்த அம்மா தன் மகளின் திருமண ஆயத்தத்துக்கு, “அனுபவமுள்ள தந்தைதான் வேண்டும்” என்று என்னையே கேட்டிருக்கிறார். சனிக்கிழமை மூவரும் வருகிறார்கள். அவர்கள் உட்கார்ந்ததும் முதலில் அந்த 11 நாள் கணக்கைச் சொல்லிவிடப் போகிறேன்.