எரிபொருள் கியூஆர் கால அனுபவங்கள்: மூத்தவர்களுடன் பேச உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. கொழும்பில் சமூகவியல் முதுமாணி ஆய்வு செய்கிறேன். 2022 ஆகஸ்டில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த எரிபொருள் கியூஆர் முறையை (வாகனத்துக்குரிய கியூஆர் குறியீட்டைக் காட்டி, வாராந்தப் பங்கு எரிபொருளை மட்டும் பெறும் முறை), ஸ்மார்ட்போன் பழக்கமில்லாத மூத்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதே என் கேள்வி.

அந்த முறை நீண்ட வரிசைகளைக் குறைத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் பதிவுசெய்ய அடையாள அட்டை இலக்கமும் வாகனத்தின் செசி இலக்கமும் இணைய வசதியும் வேண்டியிருந்தன. வெள்ளவத்தையில் ஓட்டோ ஓட்டும் ஐயா ஒருவர், பேரன் பதிந்து கொடுத்த கியூஆரை லமினேட் செய்து இன்னும் கண்ணாடிக்கு மேலே செருகி வைத்திருக்கிறார். "எத்தனை லீற்றர் மிச்சம் என்று பெற்றோல் செட் தம்பியைத்தான் கேட்பேன்" என்றார். தன் பங்கு எவ்வளவு என்பதையே இன்னொருவர் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலை! என் ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணினி அறிவுக் கணக்கெடுப்பு 5 முதல் 69 வயது வரையானவர்களையே கருத்தில் கொள்கிறது. எழுபதைத் தாண்டியவர்கள் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. அவர்களிடம் நேரில்தான் கேட்க வேண்டும்.

உங்கள் வீட்டிலோ அயலிலோ அப்போது வாகனம் வைத்திருந்த அப்பா, அம்மம்மா, பெரியப்பா யாராவது இருந்தால் அறிமுகப்படுத்துங்கள். கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கத்தவர்கள் இதுவரை கிடைக்கவில்லை. பிறருக்குப் பதிந்து கொடுத்த கொமியூனிகேஷன் கடைக்காரர்களும் அவசியம் தேவை. உரையாடல் தமிழில், அரைமணி நேரம், அவரவர் வீட்டிலேயே. அனுமதி இல்லாமல் ஒலிப்பதிவு செய்யமாட்டேன். பெயர்கள் ஆய்வேட்டில் வராது. தெரிந்தவர்கள் தயவுசெய்து உள்பெட்டியில் எழுதுங்கள்.