எந்தக் கதையில் உங்கள் பள்ளிக்கூடம் இருந்தது?

சேலம் (பேச்சைத் தொடங்கி வைப்பவர்)

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து '96' படம் பார்த்தார்கள். தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடம், சைக்கிள், வகுப்பில் பாட்டு, கடைசி நாளில் இங்க் தெளிப்பது. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒரே யோசனை: இந்தப் பிள்ளைகள் எப்போதுதான் கணக்குப் பரீட்சை எழுதினார்கள்? அந்த வயதில் என் கவலையெல்லாம் ஃபீஸ் கட்டாதவர்கள் பட்டியலில் இன்றைக்கு என் பெயரை வாசிப்பார்களா என்பதுதான். காதலிக்க எங்கே நேரம்?

அதனால் கேட்கிறேன். படித்த கதையிலோ பார்த்த படத்திலோ 'அட, இது நம்ம பள்ளிக்கூடமாச்சே' என்று திடுக்கிட்டதுண்டா? இனிமையான நினைவுகளை வேறு இடத்தில் வைத்துக்கொள்வோம். கஷ்டப்பட்டதைச் சொல்லுங்கள்.

எனக்கு ஆர். கே. நாராயணின் ஸ்வாமி. 1935-இல் வந்த 'ஸ்வாமியும் நண்பர்களும்' நாவலின் பையன். தூர்தர்ஷனில் சங்கர் நாக் எடுத்த மால்குடி தொடர் வழியாகத்தான் பலருக்கு அவனைத் தெரியும், ஜாலியான பையன் என்று. புத்தகத்தைப் படித்துப் பாருங்கள், பாதிப் பக்கம் பயம்தான். டிரில் வகுப்புக்கு வராததற்காகத் தலைமை ஆசிரியர் பிரம்பை எடுக்கிறார். ஸ்வாமி அதைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்துவிட்டு ஓடுகிறான். ஊரை விட்டே ஓடுகிறான். கிரிக்கெட் மேட்ச் போகிறது, ராஜத்தின் நட்பும் போகிறது. கடைசியில் ராஜம் ரயிலேறும்போது மன்னித்தானா இல்லையா என்று நமக்கும் தெரிவதில்லை. அந்தப் பிரம்பை எறியும் இடத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன். எங்களில் ஒருவன் அதைச் செய்திருக்க வேண்டும் என்று பல வருடம் நினைத்திருக்கிறேன்.

காரைக்குடி

ஒன்பதாம் வகுப்பு, பெண்கள் பள்ளி. என் வீட்டுப்பாட நோட்டுக்குள் ஒரு கடிதம் இருந்தது. யார் வைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டியூஷனில் பையன்களும் படித்தார்கள், அதில் எவனோ. நோட்டைத் திருத்த வாங்கிய டீச்சர் கையில் அது சிக்கியது. அவர் அடிக்கவில்லை. வீட்டுக்கும் ஆள் விடவில்லை. "இவகூட யாரும் பேசாதீங்க, உங்களையும் கெடுத்துடுவா" என்று ஒரே ஒரு வரி சொன்னார். அப்புறம் விட்ட இடத்திலிருந்து புணர்ச்சி விதியை நடத்தப் போய்விட்டார்.

பிள்ளைகள் அதை அப்படியே கடைப்பிடித்தார்கள். பெஞ்சில் எனக்கும் அடுத்தவளுக்கும் நடுவில் பை வந்தது. கோ-கோவில் என்னைத் தட்டி எழுப்ப ஆளில்லாததால் டீமில் என் பெயர் எடுபட்டது. ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய பாடத்தை எழுதிக்கொள்ள யாரிடமும் நோட்டு கேட்க முடியாது, அதனால் காய்ச்சலோடு போவேன். அம்மாவிடம் சொன்னால் கடிதத்தையும் சொல்ல வேண்டும். சொன்னால் படிப்பு நின்றுவிடும். எங்கள் தெருவில் அதைவிடச் சின்னக் காரணத்துக்கு நின்றிருக்கிறது.

முழுப்பரீட்சை நெருங்கும்போது அதே டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா எப்பப் பார்த்தாலும் தனியாவே உக்கார்ந்திருக்கே, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். நடிக்கவில்லை. அவருக்கு மறந்தே போய்விட்டது.

கல்யாணமாகி, பிள்ளை பிறந்த பிறகு தி. ஜானகிராமனின் 'முள்முடி' சிறுகதையைப் படித்தேன். அனுகூலசாமி என்று ஒரு வாத்தியார். பிள்ளைகளை அடிக்காதவர். ஓய்வு பெறும் நாளில் ஊரே கொண்டாடுகிறது. சின்னையன் என்ற பையன் மட்டும் தாயோடு வந்து நிற்கிறான். முன்பு புத்தகம் திருடினான் என்று, அவனோடு யாரும் பேச வேண்டாம் என வாத்தியார் வாய்தவறிச் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வகுப்பே அவனை ஒதுக்கி வைத்திருக்கிறது. வாத்தியாருக்குப் பரிசு வாங்க அவன் கொடுத்த காசைக்கூட மற்றவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் எழுந்திருக்கவில்லை.

எல்லோரும் அதை மகத்தான கதை என்கிறார்கள். சரிதான். ஆனால் எனக்கு ஜானகிராமன் மேல் ஒரு கோபமும் உண்டு. முள் வாத்தியார் தலையில் குத்துவதோடு கதை முடிகிறது. சின்னையன் அத்தனை நாளும் மத்தியானச் சோற்றை யாரோடு உட்கார்ந்து தின்றான் என்று ஒரு வரிகூட இல்லை. அது எனக்குத் தெரியும்.

நாகர்கோவில் (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

காரைக்குடித் தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நடந்துவிட்டு வந்தேன். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்துத்தான் தடை செய்கிறது. ஆசிரியர் அறையில் நாங்கள் பேசியதெல்லாம் முதல் பாதியைப் பற்றி மட்டும்தான். "இனி பிரம்பைத் தொடக் கூடாதாம்" என்று புலம்பினோம். இரண்டாம் பாதியை யாரும் வாசித்ததாகவே நினைவில்லை. பிரம்படிக்குத் தழும்பு இருக்கும், புகார் கொடுக்கலாம். 'பேசாதே' என்பதற்கு எதைக் காட்டுவது?

சினிமாவில் வாத்தியார் ஒன்று கோமாளி, இல்லையென்றால் ஊரைத் திருத்த வந்த தெய்வம். சொன்னதை மறந்துபோகிற சாதாரண வாத்தியாரை ஜானகிராமன் ஒருவர்தான் பிடித்தார் போல.

திருச்சி

சேலம் சாரோடு எனக்கு ஒரு சின்னச் சண்டை. ஃபீஸ் பட்டியலும் காதலும் ஒரே தலைக்குள் இருக்க முடியும் சார். எங்கள் வகுப்பில் பட்டியலை வாசிக்கும் லீடர் ஒரு பெண். எனக்கு அவள்மேல்தான் பிரியம். ஒவ்வொரு மாதமும் அவள் வாயால் என் பெயரைக் கேட்பேன், 'பாக்கி' என்ற சொல்லோடு சேர்த்து. இதை யாரும் பாட்டாக எடுக்க மாட்டார்கள்.

கோவில்பட்டி

எங்கள் பக்கம் கதைகளில் பள்ளிக்கூடத்தைத் தேடினால் கிடைப்பது கஷ்டம். பூமணியின் 'வெக்கை' (1982) நாவலின் சிதம்பரத்துக்குப் பதினைந்து வயது. அந்த வயதுப் பையன் கையில் அரிவாளும் கைக்குண்டும்தான் இருக்கிறது, நோட்டுப் புத்தகம் இல்லை. படித்தபோது எனக்கு அது விசித்திரமாகவே தோன்றவில்லை. என் வயதுக்காரர்கள் பாதிப் பேர் அப்படித்தான் வளர்ந்தார்கள், கொலை மட்டும்தான் செய்யவில்லை.

விடியற்காலை இருட்டில் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். அக்கா தூக்குவாளியோடு ஏறிவிடுவாள், தீக்குச்சிக் கட்டை அடுக்க. அவள் ஐந்தாவதோடு நின்றவள். நான் பள்ளிக்கூடம் போனேன், ஆனால் சாயங்காலம் வந்ததும் பெட்டி ஒட்ட வேண்டும். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-இலேயே வந்துவிட்டது. ஆய்வுக்கு வருகிறார்கள் என்றால் அக்காவுக்கு அன்று லீவு, அவ்வளவுதான்.

எனக்கு நெருக்கமாக வந்தது 2024-இல் மாரி செல்வராஜ் எடுத்த 'வாழை'. எல்லோரும் அந்தக் கடைசி விபத்தைப் பற்றிப் பேசினார்கள். என்னை உலுக்கியது அதற்கு முன்னாலேயே. சனி, ஞாயிறு வந்தால் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டும் என்பதால் அந்தப் பையன் லீவை வெறுக்கிறான். திங்கட்கிழமைக்காக ஏங்குகிற பிள்ளைகளைச் சினிமாவில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்களுக்குக் காலாண்டு லீவு என்றால் வயிற்றைக் கலக்கும். நாள் முழுக்கப் பெட்டி ஒட்ட வேண்டுமே. டீச்சர் மேல் அந்தப் பையனுக்கு இருந்த பிரியத்தையும் சிலர் கிண்டல் செய்தார்கள். அந்த வயதில் நம்மிடம் மெதுவாகப் பேசிய ஒரே ஆள் டீச்சர்தான் என்றால் வேறு யார்மேல் பிரியம் வரும்?

மதுரை

பாமா தன் வாழ்க்கையையே எழுதிய 'கருக்கு'. 1992-இல் வந்தது, நான் படித்தது காலேஜ் முடித்த பிறகு. அதில் ஒரு வகுப்பறைக் காட்சி. அரசாங்கம் தனி டியூஷன் ஏற்பாடு செய்திருக்கிறது, தாழ்த்தப்பட்ட மாணவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று விரிவுரையாளர் சொல்கிறார். பாமாவும் இன்னொரு பெண்ணும் எழுந்து நிற்கிறார்கள். மற்றவர்கள் முகம் மாறுகிறது. அந்தச் சலுகையே வேண்டாம் என்று சொல்லத் தோன்றுகிறது அவருக்கு.

எங்கள் வகுப்பில் அது வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். "ஸ்காலர்ஷிப்காரங்க எந்திரிங்கப்பா." கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக நினைக்கவில்லை. ஃபாரம் நிரப்ப எண்ணிக்கை வேண்டும், எண்ணுவதற்கு அதுதான் சுலபமான வழி. நாங்கள் ஏழெட்டுப் பேர் எழுந்து நிற்போம். உட்காரும்போது எனக்கு ஒரு பட்டப்பெயர் வந்திருந்தது, 'கவர்மெண்டு'. பன்னிரண்டாம் வகுப்பு வரை அதுதான் என் பெயர். பந்து வேண்டுமென்றாலும் "டேய் கவர்மெண்டு, போடுறா". நானும் சிரித்துக்கொண்டே போட்டேன். பணம் என்னவோ அடுத்த வருடம்தான் வந்தது.

'கருக்கு' படித்ததும் எனக்கு முதலில் வந்தது ஆறுதல் இல்லை, எரிச்சல். இந்த அம்மா எழுதியிருக்கிறார், நானும் மற்றவர்களும் ஏன் இத்தனை வருடம் ஒருவருக்கொருவர்கூட இதைப் பேசிக்கொள்ளவில்லை? போன வருடம் பழைய வகுப்புக்காரர்கள் வாட்ஸாப் குழு ஆரம்பித்தார்கள். சேர்த்துக்கொண்ட கையோடு ஒருவன் கேட்டான், "கவர்மெண்டு, எப்படிடா இருக்கே?" வெளியே வந்துவிட்டேன்.

ரொறன்ரோ (ஊர் யாழ்ப்பாணம்)

எங்களைப் பற்றி எழுதும்போது எல்லோரும் ஷெல் விழுந்ததை எழுதுகிறார்கள். எழுதத்தான் வேணும். ஆனால் பதினைந்து வயதில் எனக்கு இருந்த பெரிய கவலையைச் சொன்னால் சிரிப்பீர்கள்: முகத்தில் பரு.

1990-க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் பொன் விலை. ஜாம் போத்தலில் கொஞ்சம் ஊற்றித் திரி போட்டுச் சின்ன வெளிச்சத்தில் படிப்போம். பாட்டுக் கேட்க வேணுமென்றால் தம்பி சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிக்க வேணும், டைனமோவில் ரேடியோ பாடும். அவன் களைத்தால் பாட்டு இழுபடும். 1995 அக்டோபர் 30 இரவு, ஆமி நெருங்கியதால், யாழ்ப்பாண நகரும் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்த வலிகாமத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து நடக்கத் தொடங்கியது. நாங்கள் சாவகச்சேரிப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். காலையில் அங்கத்தைப் பிள்ளைகளுக்கு வகுப்பு, பின்னேரம் அதே கட்டடத்தில் எங்களுக்கு.

அந்த நாட்களில் எனக்கு மறக்க முடியாதது, முன்பின் தெரியாத வீட்டில், ஏழு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ் இருந்த இடத்தில், மாதவிலக்குத் துணியை எங்கே காயப் போடுவது என்று தெரியாமல் நின்றதுதான். சாவு நடக்கிற ஊரில் இதைப் போய் அம்மாவிடம் எப்படிக் கேட்பது? ஓ/எல் பொதுச் சோதனை வேறு வருகிறது. பெட்டைகள் நாங்கள் இதைக் குசுகுசுவென்று பேசினோம், எந்தக் கதையிலும் வந்ததை நான் காணவில்லை. அ. முத்துலிங்கத்தின் 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்' படிக்கும்போது சந்தோஷமாக இருக்கும். போருக்கு முந்திய கொக்குவில், எங்கள் அப்பா காலத்துப் பள்ளிக்கூடம். கொஞ்சம் பொறாமையும் வரும். அவர்களுக்குச் சின்னக் கவலைகளைப் பெரிதாக நினைக்க நேரம் இருந்தது.

ஈரோடு

எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறைக் கதை. அப்பா பத்தாவதில் பெயில். ரிசல்ட் அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் மாலைப் பத்திரிகை வாங்கி நம்பரைத் தேடுவார்கள், பாஸானவர்கள் நம்பர்தான் அதில் இருக்கும். அப்பா மூன்று முறை தேடினாராம், அச்சுப் பிழையாக இருக்கும் என்று. அப்புறம் டுடோரியல். அவருக்காவது துணைக்கு ஆளுண்டு. ஸ்வாமியை எழுதிய ஆர். கே. நாராயணே பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்று ஒரு வருடம் வீட்டில் இருந்தவர், அதுவும் ஆங்கிலத்தில்.

தான் பட்டது நான் படக் கூடாது என்று அப்பா என்னை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார். ஊரில் அதற்குப் பெயர் பிராய்லர் பள்ளி. பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். விடியுமுன் எழுந்து ஸ்டடி, இரவு தூங்கப் போகும் வரை ஸ்டடி. வாரம் ஒரு போன், பின்னால் வார்டன். எதிரில் உட்கார்ந்தவன் பெயரைவிட அவன் மார்க் எனக்கு நன்றாகத் தெரியும். 2017-இல் அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தியது, அடுத்த கல்வியாண்டிலேயே பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வைத்தது. அதற்கெல்லாம் முந்தைய பேட்ச் நாங்கள். ஆயிரத்து இருநூறுக்கு ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வாங்கினேன், ஃப்ளெக்ஸில் படம் வந்தது. அப்பா இன்னும் அதைச் சுருட்டிப் பரணில் வைத்திருக்கிறார்.

இந்த வகைப் பள்ளியில் படித்துத் தள்ளிய பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறோம். சினிமாவில் ஆங்காங்கே வசனமாக, கிண்டலாக வந்திருக்கிறது. உள்ளே இருந்தவன் எழுதிய நாவல் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. யாருக்காவது தெரிந்தால் பெயர் சொல்லுங்கள், உடனே வாங்கிக்கொள்கிறேன்.