மறு: லிமிட், டிஸ்பிளே இரண்டுக்கும் ‘வடிகட்டி’ போதுமா?

வணக்கம்.

எளிய உரைக் கோப்பில் எழுதிய கணக்கைப் படித்து அறிக்கை தரும் லெட்ஜர், ஹெச்லெட்ஜர் என்ற கணினி நிரல்களின் சொற்களுக்குத் தமிழ் தேடுகிறோம் அல்லவா? அதில் ‘குவெரி’க்கு ‘வினவல்’ இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. தரவுத்தளத்துக்கு ஏற்கெனவே புழங்கும் சொல். லெட்ஜரிலும் ஹெச்லெட்ஜரிலும் கட்டளைக்குப் பின்னால் நாம் தட்டும் நிபந்தனைக்கும் பொருந்தும். ‘தேர்வு’ வேண்டாம். இங்கே மலேசியாவில் தேர்வு என்றால் பிள்ளைகளுக்குப் பரீட்சைதான். ‘பொறுக்கி’யை முன்மொழிந்த நண்பர் விளையாட்டுக்குச் சொன்னார் என்றே எடுத்துக்கொள்கிறேன். அடுத்தது, கட்டளையோடு கொடுக்கும் லிமிட், டிஸ்பிளே என்ற இரண்டு விருப்பங்கள் (ஆப்ஷன்). இரண்டுக்கும் ‘வடிகட்டி’ போதும் என்று ஒருவர் எழுதியிருந்தார்:

> இரண்டும் வரிகளைக் குறைக்கத்தானே செய்கின்றன? ஒரே சொல் போதும்.

இதில்தான் சிக்கல். ஜான் வீக்லி 2003இல் தொடங்கிய லெட்ஜரில் லிமிட்டும் டிஸ்பிளேயும் தனித்தனியாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் கணக்கு எளிய உரைக் கோப்பில்தான் இருக்கிறது. ‘சொத்து:கைரொக்கம்’ கணக்கை, பதிவுகளை வரிசையாகக் காட்டி வரிக்கு வரி கூட்டிக்கொண்டே போகும் ரெஜிஸ்டர் கட்டளையில் பார்க்கிறோம் என்று வையுங்கள். பிப்ரவரி முடிவில் கையில் 1,840 வெள்ளி. மார்ச்சில் உபயம் 600 வரவு, பந்தலுக்கு 450 செலவு. மார்ச் முதல் தேதியிலிருந்து என்று லிமிட்டில் கொடுத்தால், பழைய வரிகள் கூட்டலுக்குள்ளேயே வராது; கடைசி வரியில் நிற்பது 150. அதே நிபந்தனையை டிஸ்பிளேயில் கொடுத்தால் பழைய வரிகள் கூட்டலில் இருக்கும், திரையில் மட்டும் வராது. கடைசி வரியில் 1,990. கண்ணுக்குத் தெரிகிற வரிகள் அதே இரண்டுதான். 150ஐக் கொண்டுபோய்ப் பொதுக்கூட்டத்தில் இருப்பு என்று வாசித்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் கோயில் குழுவில் ஓய்வுபெற்ற கிராணி ஒருவர் இருக்கிறார்; தோட்டத்தில் செக்ரோல் என்னும் ஆள்பதிவேடு எழுதியவர். கணினிப் பக்கமே போகாதவர். இதைக் கேட்டதும், “செக்ரோலில் ஒரு வரியை ஸ்கேல் வைத்து மறைத்தால் கூட்டுத்தொகை குறையுமா தம்பி? அடித்தால்தானே குறையும்?” என்றார். அவ்வளவுதான் விஷயம்.

முதலில் ‘கணக்கு வடிப்பு’, ‘காட்சி வடிப்பு’ என்று யோசித்தேன். ஆனால் ‘கணக்கு வடிப்பு’ என்றதும் கணக்கின் பெயரை வைத்து வடிப்பது என்று படிக்கத் தோன்றும். ஹெச்லெட்ஜரில் அதற்கென்றே ஒரு முன்னொட்டு இருக்கிறது. அதனால் லிமிட்டுக்குத் ‘தொகை வடிப்பு’, டிஸ்பிளேக்குக் ‘காட்சி வடிப்பு’. தொகை மாறுமா, மாறாதா என்பது பெயரிலேயே வந்துவிடுகிறது. ஐந்தொகை என்று சொல்லிப் பழகிய நமக்குத் தொகை புதிதும் அல்ல. ஹெச்லெட்ஜரில் டிஸ்பிளே போன்ற விருப்பம் இல்லை என்றாலும், தொடக்கத் தேதியோடு ஹிஸ்டாரிக்கல் விருப்பத்தைச் சேர்த்தால் முந்தைய இருப்பும் கூட்டலில் வரும். அதை விளக்கவும் இந்தச் சொற்கள் உதவும்.

அப்புறம், வினவலுக்கு எடுத்துக்காட்டு எழுதுகிறவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். ‘பூ’ என்று மட்டும் கொடுத்தால் ‘செலவு:பூ’வோடு ‘செலவு:பூசை’யும் வந்து நிற்கும், ஏனென்றால் பெயரின் எந்தப் பகுதியில் பொருந்தினாலும் போதும். பூவுக்குப் பின்னால் ஒரு டாலர் குறி போட்டால்தான் பெயர் அங்கேயே முடியவேண்டும் என்று ஆகும். ‘பூ பந்தல்’ என்று இரண்டு கணக்குப் பெயர் கொடுத்தால் ஹெச்லெட்ஜர் அதை ‘அல்லது’ என்று எடுத்துக்கொள்ளும், வரிகள் கூடும். அதோடு தேதியும் சேர்த்தால் ‘மேலும்’, வரிகள் குறையும். வடிப்பு என்றாலே குறைப்பு என்று விளக்கம் எழுதிவிடாதீர்கள்.

கணக்குப் பெயரை எத்தனை நிலை வரை காட்டுவது என்று சொல்லும் டெப்த் பற்றி யாரும் பேசவில்லை. பேலன்ஸ் அறிக்கையில் டெப்த் 2 என்றால் ‘செலவு:திருவிழா:பூ’, ‘செலவு:திருவிழா:பந்தல்’ இரண்டும் ‘செலவு:திருவிழா’வுக்குள் அடங்கி ஒரே வரியாக வரும். எதுவும் விடுபடுவதில்லை, தொகையும் மாறுவதில்லை. ஆகவே இதை வடிப்புக் கணக்கில் சேர்க்கக்கூடாது. ‘மடிப்பு’ என்று வைக்கலாமா? ‘ஆழம்’ என்பவர்கள், “ஆழம் 2 ஆக்கு” என்பதை ஒரு பொருளாளரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.