வெளிநாட்டுக் காசுக்கு வரி ஃபைல் திறக்கத்தான் வேண்டுமா?

உப்புவெளி டிசைனர்: வீட்டில் இருந்தபடியே ஆஸ்திரேலியா, கனடா ஆட்களுக்கு லோகோவும் வெப்சைட்டும் செய்து கொடுக்கிறேன். மாதம் சராசரியாக 250,000 ரூபாய் வங்கிக்கு வருகிறது. இலங்கையில் இந்த வருமானத்துக்கு முன்பு வரி விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 இலிருந்து அது இல்லை. வரித் திணைக்களத்தில் பதிந்து ஃபைல் திறக்கச் சொல்கிறார்கள். நான் திறப்பதாக இல்லை. போன் பில்லில் இருந்து எல்லாவற்றிலும் ஏற்கெனவே 18% வற் (பெறுமதி சேர் வரி) கட்டுகிறேன். போதாதா? பிடிக்கிற நேரம் பார்ப்போம்.

உவர்மலை அக்கா: தம்பி, நான் விருந்தினர் விடுதிகளுக்குக் கணக்கு எழுதுகிறவள். முதலில் எவ்வளவு வரும் என்று பார்த்தீர்களா, இல்லை 'வரி' என்ற சொல்லைக் கேட்டே பயந்துவிட்டீர்களா?

உப்புவெளி டிசைனர்: வருடம் 30 இலட்சம். 36% வரைக்கும் போகும் என்றார்களே!

உவர்மலை அக்கா: அது பெரிய வருமானக்காரருக்கு. உங்கள் கணக்கைப் போடுவோம். இணையம், மென்பொருள் சந்தா, வேலைக்கான மின்சாரப் பங்கு எல்லாம் வருடம் 3 இலட்சம் என்று வைப்போம். மீதி 27. 2025/26 வரிமதிப்பாண்டில் தனிநபர் நிவாரணம், அதாவது வரி இல்லாமல் விடுகிற தொகை, 18 இலட்சம். அதையும் கழித்தால் 9 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 6%. ஆக 54,000 ரூபாய், மாதத்துக்கு 4,500. அதற்கு மேலே போனாலும் வெளிநாட்டு வாடிக்கையாளர் அந்நியச் செலாவணியில் வங்கி வழியாக அனுப்புகிற சேவைக் காசுக்கு உச்ச வீதம் 15% தான். லப்டொப் விலையை மட்டும் ஒரே வருடத்தில் கழிக்க முடியாது. ஐந்து வருடத்துக்குப் பிரிக்க வேண்டும்.

உப்புவெளி டிசைனர்: 54,000 என்றால் பெரிதில்லை, சரி. ஆனால் என் பிரச்சினை தொகை இல்லை அக்கா. ஒரு மாதம் 6 இலட்சம் வரும், அப்புறம் இரண்டு மாதம் ஒன்றுமே வராது. முன்கூட்டியே மதிப்பிட்டுத் தவணை கட்டு என்றால், நான் என்ன சாத்திரியா?

நிலாவெளி படகுக்காரன்: இடையில் வருகிறேன், மன்னிக்கவும். தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. தவணை நாட்கள் ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. எங்களுக்கு ஆகஸ்டில் புறாமலைத் தீவு பார்க்க ஆட்கள் நிறைய, கையில் காசு. நவம்பரில் கடல் கொந்தளிப்பு, படகு கரையில். பெப்ரவரித் தவணைக்கு நகையை அடகு வைக்கவா?

உவர்மலை அக்கா: அண்ணே, உங்களுக்கு வரியே வராமல் போகலாம். ஒரு சீசனுக்கு எவ்வளவு எடுக்கிறீர்கள்?

நிலாவெளி படகுக்காரன்: 32 இலட்சம் போல.

உவர்மலை அக்கா: மண்ணெண்ணெய், கூலி, என்ஜின் திருத்தம்?

நிலாவெளி படகுக்காரன்: 15, 16 போகும். பற்றுச்சீட்டு வைத்ததில்லை.

உவர்மலை அக்கா: அங்கேதான் சிக்கல். 16 இலட்சம் செலவைக் காட்ட முடிந்தால் இலாபம் 16; நிவாரணத்துக்குள் அடங்கிவிடும், வரி பூச்சியம். காட்ட முடியாவிட்டால் 32 இலட்சத்தையும் இலாபம் என்று வரித் திணைக்களம் எடுக்க இடம் கொடுக்கிறீர்கள். கொப்பி ஒன்றும் ஒரு பழைய பிஸ்கட் டின்னும் போதும். சீட்டை டின்னுக்குள் போடுங்கள், எத்தனை பேர் ஏறினார்கள் என்பதைக் கொப்பியில் எழுதுங்கள். தம்பிக்கும் அதே பதில்: காசு வந்த அன்றே கொஞ்சத்தை வேறு கணக்குக்கு மாற்றினால் சாத்திரம் பார்க்கத் தேவையில்லை. மதிப்பீடு பிழைத்தால் பிறகு திருத்தலாம். செப்டெம்பர் 30 க்குள் மிச்சத்தைக் கட்டி, நவம்பர் 30 க்குள் விபரத்திரட்டை (அந்த வருட வருமான, வரிக் கணக்கை) கொடுக்க வேண்டும்.

உப்புவெளி டிசைனர்: எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது. கட்டினால் எனக்கு என்ன கிடைக்கும் என்று மட்டும் நீங்கள் சொல்லவில்லை.

உவர்மலை அக்கா: வீதி, ஆஸ்பத்திரி என்று பேச வரவில்லை. போன வருடம் என் தம்பி மகன் வீட்டுக் கடனுக்குப் போனான். உங்களைப் போலத்தான், டொலரில் நல்ல வருமானம். வருமானத்துக்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். வங்கிக் கூற்றைக் காட்டினான்; 'இது சம்பளமா, யாரும் அனுப்பிய காசா' என்று திருப்பிவிட்டார்கள். வரி விபரத்திரட்டு இருந்திருந்தால் அதையே அத்தாட்சியாகக் காட்டியிருக்கலாம். நாளைக்கு உங்களிடமும் கேட்பார்கள்.

உப்புவெளி டிசைனர்: கடன் எடுக்கும் யோசனை எனக்கு இல்லை. ஆனால் டின் (TIN) நம்பர், வரி செலுத்துபவரின் அடையாள இலக்கம், அதை மட்டும் எடுத்து வைக்கிறேன். விபரத்திரட்டைப் பற்றி நவம்பரில் சண்டை பிடிப்போம்.

நிலாவெளி படகுக்காரன்: அக்கா, கூலிக்கு வருகிற பொடியன்களின் மத்தியானச் சாப்பாட்டுச் சீட்டையும் பிஸ்கட் டின்னுக்குள் போடலாமா?